ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம்

செப்டம்பர் 4, புதன்

காலையில ஒரு டிராக்டருக்குக் கிளட்ச் மாத்தினேன். மதியம் பூரா கரண்ட் இல்லை. வெல்டிங் வேலை அப்படியே நிக்குது.

நாலு மணி வாக்கில குன்னிமரத்தூர் செல்லக்கிளி வந்தாங்க. காளியண்ணனோட சம்சாரம். காளியண்ணன் மலைக்கு ஜீப் ஓட்டிக்கிட்டு இருந்தவன். பதினஞ்சு வருஷம் என் பட்டறையிலதான் வண்டி விட்டான். ரெண்டரை வருஷத்துக்கு முன்னால கொக்குப்பாறை வளைவுல ஜீப்போட பள்ளத்துல விழுந்து செத்துப்போனான். அதுக்கப்புறம் இந்தம்மா இந்தப் பக்கம் வந்ததில்லை. முன்னெல்லாம் "வாம்மா"ன்னுதான் கூப்பிடுவேன். இன்னிக்கு வாயில "வாங்கம்மா"ன்னு வந்துது.

இப்ப அவங்க வார்டு மெம்பர். ஊர்ச் சங்கத்துல ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்காங்களாம். அதோட பின் சக்கரத்தை மாத்தித் தரணும்னு கேட்டாங்க.

"எப்படி மாத்தணும்?"

"ரோடு போடற மெஷின் இருக்குதில்லைங்கண்ணா, நீட்டமா, நடுவுல தகடு வெச்சு மண்ணை வழிச்சுக்கிட்டே போகுமே. அதுக்குப் பின்னால ஒரு பக்கத்துக்கு ரெண்டு சக்கரம். ஒண்ணு கல்லு மேல ஏறுச்சுன்னா இன்னொண்ணு கீழ எறங்குது. மேல உக்காந்திருக்கற ஆளு ஆடவே மாட்டேங்கறாரு. நான் அரை நாள் நின்னு பாத்தேன்."

"அது கிரேடரும்மா. ஜீப்புக்கு எதுக்கு அது?"

போன வருஷம் அவங்க ஊர்ல பவளம்னு ஒரு பொண்ணு கடுக்காய் மரத்துல இருந்து விழுந்துதாம். ஜீப்புல படுக்க வெச்சா தூக்கித் தூக்கிப் போடும்னு, போர்வையில தூளி கட்டி, ஒன்பது கிலோமீட்டர் மூணு மணி நேரம் சுமந்துக்கிட்டு இறங்கியிருக்காங்க. முதுகெலும்புல அடி.

"விழுந்தப்ப காலை அசைச்சாண்ணா. நான் பக்கத்துல இருந்தேன், பாத்தேன். கீழ கொண்டு வந்து சேத்தப்ப அசைக்கலை. உடம்பை மடக்காம, ஆட்டாம, நேராப் படுக்க வெச்சுக் கொண்டு வந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எப்படிங்கண்ணா கொண்டு வர்றது?"

முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஜீப்பைக் கொண்டு வாங்க, பாக்கலாம்"னு சொல்லி முடிச்சேன்.

காளியண்ணனோட ஜீப்பைப் பத்தி அவங்களும் பேசலை, நானும் பேசலை. பேச என்ன இருக்கு. போலீஸ் எழுதி முடிச்ச விஷயம்.

செப்டம்பர் 5, வியாழன்

"ஏங்க, அந்த வேலையை எடுக்கறீங்களா?"ன்னு வீட்டுக்காரி சரளா கேட்டா. எடுத்தா என்னன்னு கேட்டேன். அவ சாதம் போட்டா.

செப்டம்பர் 9, திங்கள்

ஜீப் வந்துது. இன்ஜின் நல்லா இருக்கு. முன் சக்கரத்துக்கும் இழுவை உண்டு. சேஸிஸ்ல துரு கம்மி.

யோசிச்சு வெச்சது இதுதான். பின் அச்சு இருக்கற இடத்துலயே இருக்கும். அதோட ரெண்டு முனையிலயும் சக்கரத்துக்குப் பதிலா நாலடி நீளத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. பெட்டியோட நடுப்பகுதி அச்சுல மாட்டியிருக்கும், சீசாப் பலகை மாதிரி மேலயும் கீழயும் ஆடும். பெட்டிக்கு முன் முனையில ஒரு சக்கரம், பின் முனையில ஒரு சக்கரம். உள்ள பல்சக்கரமும் செயினும். அச்சு சுத்தினா செயின் வழியா ரெண்டு சக்கரமும் சுத்தும். கல்லு ஒரு அடி உயரம்னா சக்கரம் ஒரு அடி ஏறும், அச்சு அரை அடிதான் ஏறும். அடுத்த சக்கரம் ஏறும்போது மிச்ச அரை அடி. படுத்திருக்கற ஆளுக்கு ஒரு குதிப்பு ரெண்டு சின்ன அசைவாப் போயிடும்.

இந்த வண்டி தார் ரோட்டுக்கு வரக்கூடாது. மலைத்தடத்துல மட்டும் ஓட்டி, அடிவாரத்துல ஆம்புலன்ஸ் நிக்கற இடத்துல விட்டுடணும். செல்லக்கிளிகிட்ட தெளிவாச் சொல்லிட்டேன்.

அக்டோபர் பாதியில மழை பிடிச்சுக்கும். அதுக்குள்ள முடியணும்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆத்தூர் போயி பஷீர் பாய் லேத்துல பல்சக்கரம் வெட்டக் கொடுத்தேன். படத்தை விரிச்சு வெச்சு ரொம்ப நேரம் பாத்தார்.

"பிரேக் எங்க வெக்கறே?"

"டிரம் அச்சுலயே இருக்கு பாய். அச்சைப் பிடிச்சா செயின் சக்கரத்தைப் பிடிக்கும்."

"செயின் போச்சுன்னா?"

"போகாது. கிரஷர் மெஷின்ல ஓடற செயின். யானையைக் கட்டி இழுக்கலாம்."

"போகுமா போகாதான்னா கேட்டேன்? போச்சுன்னா என்னன்னு கேட்டேன்."

ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா டிரம் வெக்கணும்னா இன்னும் ரெண்டு வாரம் ஆகும். மழை வந்துடும்னு சொன்னேன். பாய் படத்தைச் சுருட்டிக் கையில கொடுத்துட்டார்.

செப்டம்பர் 18, புதன்

இடது பெட்டி வெட்டி முடிச்சு, அங்கங்க டேக் வெல்டிங் வெச்சு ஒட்டியாச்சு. ஸ்பிரிங் பட்டை கழட்டி, முறிஞ்ச ரெண்டு பட்டையை மாத்தினேன். அச்சை ஸ்பிரிங்கோட சேத்துக் கட்டற யூ போல்ட் புதுசு. நாலு போதும். எட்டு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

ராத்திரி சாப்பிடப் பிடிக்கலை.

செப்டம்பர் 21, சனி

செல்லக்கிளி வேலை பாக்க வந்தாங்க. ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு. வேண்டாம்னா கேக்கலை. கீழ உக்காந்து, பேரிங்குக்கு கிரீஸ் தடவிக்கிட்டு இருந்ததை என் கையில இருந்து வாங்கித் தானே தடவ ஆரம்பிச்சாங்க. நல்லாவே தடவினாங்க. காளியண்ணன் சொல்லிக் கொடுத்திருப்பான் போல.

அவங்க மாமனார் சடையன் எப்படி இருக்கார்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்காரு. மகனுக்குத் திதி குடுக்கலாம்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு. குடிச்சுட்டு ஓட்டிச் செத்தவனுக்கு என்ன திதின்னு கேக்கறாரு. ஊர்ல எல்லாரும் அதேதான் பேசறாங்க."

கொஞ்ச நேரம் கிரீஸ் தடவினாங்க.

"வண்டியில பாட்டில் இருந்துதுங்கண்ணா. இல்லைன்னு சொல்லலை. ஆனா அவருக்கு வேலை முடிஞ்சு வந்தப்புறம்தான் அந்தப் பழக்கம். வண்டி விழுந்தது காலையில எட்டு மணிக்கு. நான்தான் சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேன். எனக்கு வாசனை தெரியாதா?"

நான் ஸ்பானரைத் தேடினேன்.

"பள்ளத்துல எறங்கி வண்டியைப் பாத்தது நீங்கதானே? வண்டியில குறை இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப அவரு மேலதான் தப்பு இருக்கணும்." கையைத் துணியில துடைச்சுக்கிட்டு எழுந்தாங்க. "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

செப்டம்பர் 22, ஞாயிறு

பட்டறை திறக்கலை. கிழங்கை சரளா வேக வெச்சா. நான் தொடலை.

செப்டம்பர் 27, வெள்ளி

ரெண்டு பெட்டியும் மாட்டியாச்சு. முதல் ஓட்டம். பட்டறைக்குப் பின்னாடி கல்லு அடுக்கி வெச்சு ஏத்தினேன். முதல் கல்லுல வலது பெட்டி அளவுக்கு மேல நிமிந்து பாடியில போயி இடிச்சுது. தகடு கிழிஞ்சு போச்சு. பெட்டி எவ்வளவு ஆடலாம்னு ஒரு எல்லை கட்டணும். அச்சுல ரெண்டு பக்கமும் தடுப்பு வெச்சு, அதுல லாரி ரப்பரை வெட்டிப் போட்டேன். கையளவுதான் ஆடும்னு நினைச்சேன். முழம் ஆடுது.

ஒரு வேலை தப்பாப் போனா அதைச் சரி பண்ணிடலாம். பட்டறைக்குள்ள இருக்கற வரைக்கும்.

அக்டோபர் 2, புதன்

பஷீர் பாய் வந்தார். வண்டிக்குள்ள மாட்டியிருந்த ஸ்ட்ரெச்சர்ல அவரே ஏறிப் படுத்துக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார். "நீ ஓட்டு, எத்தனை குலுக்கல்னு நான் எண்ணறேன்"னார். எட்டு கல்லு மேல ஏத்தி இறக்கி ஒரு சுத்து வந்தேன்.

"எத்தனை பாய்?"

"மூணு. நடுவுல ஒண்ணு சந்தேகம்."

ரொம்ப நாளைக்கு அப்புறம் சத்தமா சிரிச்சேன். பாய் இறங்கி நேரா பெட்டிகிட்ட போயி, குனிஞ்சு பிரேக் டிரம்மைப் பாத்துட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிட்டார்.

அக்டோபர் 7, திங்கள்

பெயின்ட் முடிஞ்சுது. மழை ஒரு வாரத்துல வரும்னு ரேடியோவில சொல்றான். செல்லக்கிளி போன். ஆயுத பூஜை அன்னிக்கு மாலையோட வந்து வண்டியை எடுத்துக்கறாங்களாம்.

வாங்கன்னு சொல்லிட்டேன்.

செயின் அறாது. எடையை வெச்சு, சரிவை வெச்சு ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. ஒரு மழைக்காலம் ஓடட்டும், அப்புறம் சாவகாசமா பிரேக்கை மாத்திக்கலாம்.

திங்கக்கிழமை மாத்திக்கலாம்னு அன்னிக்கும் இப்படித்தான் நினைச்சேன்.

இந்த வரியை அடிச்சுடணும்.

அக்டோபர் 8, செவ்வாய்

பின் சக்கரம் நாலையும் கழட்டிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

பத்து மணிக்கு செல்லக்கிளி வந்தாங்க, கூட ஊர்க்காரங்க ரெண்டு பேர். சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், ஒரு தட்டுல பொரி. வண்டி கட்டை மேல நிக்குது, சக்கரம் நாலும் தரையில கிடக்குது.

"என்னங்கண்ணா இது? முடிஞ்சுதுன்னீங்களே."

"பிரேக் மாத்தணும். இன்னும் பத்து நாள் ஆகும்."

"பிரேக் பிடிக்குதுன்னு போன வாரம்தானே சொன்னீங்க?"

"பிடிக்குது. அது செயின் வழியாப் பிடிக்குது. செயின் கழண்டா அந்தப் பக்கம் பின்னால பிரேக்கே இருக்காது. ஒவ்வொரு சக்கரத்துலயும் தனியா இருக்கணும்."

"செயின் கழலுமா?"

"கழலாது."

"அப்புறம் என்னங்க? வானத்தைப் பாருங்க. மேல ஒரு பொம்பளைக்கு நெஞ்சு வலி, நேத்துதான் சுமந்துக்கிட்டு எறங்குனோம். இப்படியே குடுங்க, மழை விட்டதும் கொண்டாந்து விடறோம்."

முடியாதுன்னேன். கூட வந்த ரெண்டு பேர்ல ஒருத்தனுக்குக் கோவம் வந்துடுச்சு. சக்கரத்தை நாங்களே மாட்டிக்கறோம்னு குனிஞ்சான். நான் குறுக்க போயி நின்னேன். சக்கரத்தை நான் ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சதை செல்லக்கிளி பாத்துட்டாங்க.

"என்னங்கண்ணா? உங்களுக்கு என்ன ஆச்சு?"

அப்ப சொன்னேன். எப்படி ஆரம்பிச்சேன்னு நினைவில்லை. ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. காளியண்ணன் ஜீப்புக்கு ஸ்பிரிங் மாத்தினேன். யூ போல்ட் நாலுல ரெண்டுக்கு மரை தேஞ்சு போயிருந்துது. புதுசு சேலத்துல இருந்து வரணும், வரலை. அவனுக்கு மறுநாள் காலையில லோடு. பழசையே போட்டு இறுக்கிட்டேன். திங்கக்கிழமை மாத்திக்கலாம்னு நானா நினைச்சுக்கிட்டேன், அவன்கிட்ட சொல்லலை. சனிக்கிழமை காலையில வளைவுல மரை உருவிக்கிட்டு அச்சு ஒரு பக்கமா பின்னால போயிருக்கு. வண்டி தானாப் பள்ளத்துப் பக்கம் திரும்பியிருக்கும். அவன் என்ன பிரேக் பிடிச்சிருந்தாலும் நின்னிருக்காது. பள்ளத்துல முதல்ல இறங்கினது நான்தான். போல்ட்டைப் பாத்தேன். மேல இருந்து இன்ஸ்பெக்டர் வண்டியில கோளாறான்னு கேட்டார். இல்லைன்னு சொன்னேன். அந்த நேரத்துலதான் யாரோ சீட்டுக்கு அடியில இருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாங்க. உடைஞ்சிருந்துது. மூடி திறக்கலை. அதையும் நான் சொல்லலை.

கூட வந்தவன் என் சட்டையைப் பிடிச்சான். "விடு"ன்னு சொன்னாங்க செல்லக்கிளி. அவன் விடலை. "விடுன்னு சொன்னேன்ல."

அவங்க டயர் மேல உக்காந்தாங்க. கையில மாலை. பக்கத்துக் கடையில பூஜை மணி அடிச்சுது, கற்பூர வாசனை வந்துது.

"ரெண்டரை வருஷம்" அப்படின்னாங்க. அப்புறம், "உங்களைப் போயி அண்ணான்னு கூப்பிட்டேன்."

மாலையை வொர்க் பெஞ்சு மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அக்டோபர் 12, சனி

சரளாகிட்ட சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. கையை நிறுத்தலை.

"எனக்குத் தெரியும்ங்க."

"எப்படி?"

"அந்தத் திங்கக்கிழமை யூ போல்ட் பார்சல் வந்துது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என்ன வண்டிக்குன்னு பில்லுல எழுதியிருந்துது."

"ஏன் கேக்கலை?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் கேக்க பயமாயிடுச்சு."

நான் பட்டறைக்கு வந்து முதல் டிரம்முக்குத் தட்டு வெட்டினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. விடியக்காலையில ஆரம்பிச்சது நிக்கலை. ரெண்டு சக்கரத்துக்குப் பிரேக் முடிஞ்சுது. மலையில இருந்து ஒரு தகவலும் இல்லை. வண்டியை வாங்க வருவாங்களான்னே தெரியலை. வேலை செய்யறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நாலும் முடிஞ்சுது. பஷீர் பாய் வந்து கூட நின்னார். பிரேக் ஆயில்ல காத்து எடுத்தோம். அப்புறம் ரெண்டு பக்கச் செயினையும் கழட்டிப் போட்டுட்டு, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னாடி இருக்கற சரிவுல நிறுத்திப் பாத்தேன். நின்னுது. நாலு தடவை. செயினை மறுபடி மாட்டினேன்.

விஷயத்தை பாய்கிட்டயும் சொன்னேன். "ஸ்டேஷனுக்குப் போனியா?"ன்னார். இல்லைன்னேன். "போ"ன்னார்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேத்து எழுத முடியலை. நேத்து நடந்ததை இன்னிக்கு எழுதறேன்.

மதியம் ரெண்டு மணிக்கு போன் வந்துது. "எத்திராஜ்ங்களா?" குரலைக் கேட்டதும் எழுந்து நின்னுட்டேன். என் பேரை செல்லக்கிளி சொல்லி நான் கேட்டதே இல்லை.

"வண்டி ஓடுமா?"

"ஓடும்மா."

"பிரேக்கு?"

"நாலுலயும் போட்டாச்சு."

"பாத்தீங்களா, இல்ல பிடிக்கும்னு நினைக்கறீங்களா?"

"செயினைக் கழட்டிப் போட்டுப் பாத்தேன். நின்னுது."

தீர்த்தன்னு ஒருத்தர், மிளகுக் கொடிக்காக சில்வர் ஓக் மரத்துல ஏறிக் கிளை கழிக்கும்போது வழுக்கி விழுந்துட்டாராம். முதுகு. கால் விரல் அசையுது. "யாரையும் தூக்க விடலை. விழுந்த எடத்துலயே மேல தார்ப்பாய் கட்டி வெச்சிருக்கேன். வாங்க."

மேல போக ஒண்ணேகால் மணி நேரம். தடம் முழுக்க ஓடை. பாறைப் படிகள்ல பெட்டி ஒவ்வொண்ணும் தன் போக்குல ஏறி இறங்குச்சு, நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டே போனேன். கொக்குப்பாறையில திரும்பிப் பாக்கலை.

ஊர்ல யாரும் என்கிட்ட பேசலை. தார்ப்பாய்க்கு அடியில செல்லக்கிளி, தீர்த்தன் தலையை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல வெச்சு அசையாமப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பலகையை அடியில விட்டு, எட்டுப் பேர் ஒரே நேரத்துல தூக்கி ஸ்ட்ரெச்சர்ல வெச்சோம். அன்னிக்கு என் சட்டையைப் பிடிச்சவனும் அதுல ஒருத்தன். பேரு வெள்ளையன். அவனும் இன்னொருத்தனும் வண்டிக்குப் பின்னாலயே நடந்து வந்தாங்க. பின்னால தலைமாட்டுல செல்லக்கிளி.

இறக்கத்துல முதல் கியர். நடக்கற வேகம். ஒவ்வொரு பாறைக்கும் முன்னால "கல்லு"ன்னு குரல் கொடுப்பேன். "ம்"னு பதில் வரும். அவ்வளவுதான் பேச்சு. கொக்குப்பாறை வளைவுல கண்ணாடியில பாத்தேன். அவங்க பள்ளத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. தலையைப் பிடிச்ச கை அசையலை.

வளைவைத் தாண்டி கொஞ்ச தூரத்துல ஒரு சின்னப் பாலம். ஏறும்போது இருந்த மண்ணு இறங்கும்போது இல்லை. மேல பாத்தா தரை மாதிரி தெரிஞ்சுது, அடியில அரிச்சுட்டுப் போயிருக்கு. ஜீப்போட முன் சக்கரம் தாண்டிடுச்சு. வலது பெட்டியோட முன் சக்கரம் வந்ததும் மண்ணு உள்ள போயிடுச்சு. பெட்டி சடார்னு இறங்கித் தடுப்புல இடிச்சுது. உள்ள டக்குனு ஒரு சத்தம். அது என்னன்னு எனக்குத் தெரியும். வலது பக்கச் செயின் பல்லை விட்டு வெளிய வந்துடுச்சு.

வண்டி வலது பக்கம் சாஞ்சுடுச்சு. அந்தப் பக்கம் பள்ளம். ஒரு சக்கரம் குழிக்கு மேல தொங்குது. மொத்த பாரமும் அதுக்குப் பின்னால இருக்கற சக்கரத்துல. பிரேக்கை மிதிச்சேன். நின்னுது.

பழைய மாதிரியே விட்டிருந்தா, செயின் போன அந்த நொடியில வலது பக்கம் ரெண்டு சக்கரமும் சும்மா உருண்டிருக்கும்.

"என்ன ஆச்சு?"ன்னு பின்னால இருந்து கேட்டாங்க.

"செயின் கழண்டுடுச்சு. பிரேக் பிடிக்குது. அசையாதீங்க. வெள்ளையா, குழியில கல்லு போடுங்க. பெருசாப் போடுங்க."

மழையில ரெண்டு பேரும் கல்லு உருட்டிக்கிட்டு வந்தாங்க. எவ்வளவு நேரம்னு அப்புறம் கேட்டேன், இருபத்தஞ்சு நிமிஷம்னான் வெள்ளையன். அவ்வளவு நேரமும் என் கால் பெடல்ல. தொடை மரத்துப்போயி, கால் இருக்கா இல்லையான்னே தெரியலை. கையால முழங்காலை அழுத்திக்கிட்டேன். பின்னால தீர்த்தன் "அக்கா, விழுந்துடுவோமா?"ன்னு கேட்டார். "விழ மாட்டோம். விரலை அசை. அசைச்சுக்கிட்டே இரு"ன்னாங்க செல்லக்கிளி.

சக்கரத்துக்கு அடியில கல்லு வந்ததும் பெட்டி மெதுவா நிமிந்துது. முன் சக்கர இழுவையைப் போட்டு, பிரேக்கை மயிரிழை மயிரிழையா விட்டேன். தாண்டிட்டோம்.

அடிவாரத்துல ஆம்புலன்ஸ் நின்னுச்சு. ஸ்ட்ரெச்சரை மாத்தும்போது நர்ஸ் கேட்டாங்க, தீர்த்தன் ரெண்டு கால் விரலையும் அசைச்சுக் காட்டினார்.

செல்லக்கிளி ஆம்புலன்ஸ்ல ஏறப் போனவங்க திரும்பி வந்தாங்க. சேலை முழுக்கச் சேறு.

"அன்னிக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போகும்போது அவரு உங்ககிட்ட என்ன பேசுனாரு?"

"எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டான்."

"நீங்க?"

"ஓட்டுன்னு சொன்னேன்."

தலையை ஆட்டினாங்க. ஏறிக்கிட்டாங்க.

அக்டோபர் 22, செவ்வாய்

தீர்த்தனுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதாம். நடப்பார்னு டாக்டர் சொன்னாராம். வெள்ளையன் போன் பண்ணிச் சொன்னான். ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசலை.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அன்னிக்கு இருந்த இன்ஸ்பெக்டர் மாறிட்டார். இருக்கறவர் என்னை உக்கார வெச்சு எழுதி வாங்கிக்கிட்டார். மேல அனுப்பணும், கூப்பிடும்போது வரணும்னார். என்ன ஆகும்னு கேட்டேன். "ஒரு வக்கீலைப் பாத்துக்கங்க"ன்னார். சரளா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. பஸ்ஸுல வரும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

அக்டோபர் 24, வியாழன்

செல்லக்கிளி போன். "ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டம். நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா, புருஷனுக்காகப் பேசறான்னுவாங்க."

வரேன்னேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்கு முன்னால கூட்டம். எண்பது தொண்ணூறு பேர் இருக்கும். சடையன் முன் வரிசையில தரையில உக்காந்திருந்தார். கண்ணு சரியாத் தெரியாது போல, யார் பேசறாங்கன்னு தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

எழுந்து நின்னு சொன்னேன். யூ போல்ட், மரை, புரியாதோன்னு கையில ஒண்ணைக் காட்டிச் சொன்னேன். மூடி திறக்காத பாட்டிலையும் சொன்னேன். பொய் சொன்னதைச் சொன்னேன். பின்னால யாரோ கெட்ட வார்த்தையில திட்டினாங்க. ஒரு கல்லு வந்து தோள்ல பட்டுது. சின்னக் கல்லுதான்.

சடையன் கையைத் தூக்கினார். சத்தம் அடங்குச்சு.

"அப்ப அவன் குடிக்கலையா?"

"இல்லைங்க."

"என்ன?"

"குடிக்கலைங்க. அவன் மேல தப்பு இல்லை. என் மேலதான்."

"இன்னொரு தடவை சொல்லு. பின்னால இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

சத்தமாச் சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கிட்டு உக்காந்த இடத்துலயே சாஞ்சுட்டார். ரெண்டு பொம்பளைங்க வந்து தூக்கினாங்க. என்னைப் போன்னு யாரும் சொல்லலை, இருன்னும் சொல்லலை. நான் வண்டிகிட்ட வந்து நின்னேன்.

கொஞ்சம் கழிச்சு செல்லக்கிளி வந்தாங்க. மன்னிச்சுட்டேன்னு சொல்வாங்கன்னு நான் எதிர்பாக்கலை. அவங்களும் சொல்லலை.

"இதை ஓட்டறதுக்கு எனக்குக் கத்துக் குடுங்க."

"சரிம்மா."

"ஓட்ட மட்டும் இல்ல. கழட்டவும் மாட்டவும் கத்துக் குடுங்க. எல்லாம் சரியா இருக்குன்னு இனிமே யாரு சொன்னாலும் நான் நம்பறதா இல்லை. நானே பாக்கணும்."

எப்ப வர்றீங்கன்னு கேட்டேன்.

"நாளைக்கு."

அக்டோபர் 28, திங்கள்

ஏழு மணிக்கே வந்துட்டாங்க. முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு, வலது பெட்டியைத் திறக்கச் சொன்னாங்க. மூடியில பதினாறு போல்ட். ஒவ்வொண்ணையும் அவங்களே கழட்டி, வெளிச்சத்துல திருப்பித் திருப்பி மரையைப் பாத்து, துணி மேல வரிசையா வெச்சாங்க. பதினோராவதை எடுத்து என் கண்ணுக்கு நேரா நீட்டினாங்க.

"இது?"

வாங்கிப் பாத்தேன். ஓரத்துல ஒரு மரை லேசா நசுங்கியிருந்துது.

"மாத்தணும்"னேன்.

"எப்ப?"

"இப்பவே."